மாட்டுப் பித்தம், கரடிப் பித்தம்

கண்ணாயிரத்தின் இடது கண்ணைக் கரடி பிடுங்கியபோது அவருக்கு வயது பத்தொன்பது. 1975, ஆனி மாதம். ஜவ்வாது மலைமேல் புளியங்குட்டை என்கிற பதினேழு வீட்டு ஊர் அவருடையது. பலாப்பழம் பழுத்துத் தானாக விழுகிற காலம். விடிந்ததும் பழம் பொறுக்கப் போனவர், மரத்துக்கு அந்தப் பக்கம் தாய்க்கரடி ஒன்று குட்டியோடு உட்கார்ந்து சுளை தின்றுகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. அது எழுந்து நின்றபோதுதான் பார்த்தார். அதற்கப்புறம் இந்த உலகத்தில் அவர் பார்த்ததெல்லாம் வலது கண்ணால்தான்.

முதல் அறையில் கன்னமும் கண்ணும் போயின. கீழே விழுந்தவரின் மண்டைத்தோலைக் கவ்வி உரித்தது. பக்கத்துக் கொல்லையில் சாமைக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தபோது அவர் தன் கைமுட்டியைக் கரடியின் வாய்க்குள் திணித்தபடி கிடந்தார். கட்டிலில் போட்டு ஆறு பேர் மலையடிவாரத்து அமிர்திக்குத் தூக்கி வந்தார்கள். பஸ்ஸில் ஏற்றுவதற்குள் கட்டில் கயிறெல்லாம் ரத்தம் ஊறி இறுகிவிட்டது. கண்டக்டர் கோணிப்பையை விரித்துக் கடைசி சீட்டில் படுக்கவைத்தார். வேலூர் போய்ச் சேரும்வரை பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

வேலூரில் ஏழு மாதம். ஐந்து ஆபரேஷன். தொடைத்தோலை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். தைத்த முகத்தோடு ஊருக்குப் போனார்; பிள்ளைகள் அலறி ஓடின. பெண் பேசி வைத்திருந்த வீட்டார் வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பதினைந்தே நாளில் திரும்பி வந்துவிட்டார். அவருக்குத் தையல் போட்ட டாக்டர்தான் அந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு ஆய்வுக்கூடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது. குழாய் கழுவ ஒரு கண் போதும் என்று அந்தச் சீட்டில் எழுதியிருந்ததாம்.

நான் அந்த ஆய்வுக்கூடத்தில் மாணவனாகச் சேர்ந்தது 1986இல். அதற்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் அவரும், கொஞ்சம் அவர் தங்கை செல்லியம்மாளும், மீதியை எங்கள் டாக்டரம்மாவும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பின்னால் நடந்ததை நானே பார்த்தேன்.

டாக்டரம்மா என்றால் சகுந்தலா. 1980இல் அங்கே வந்தார். அவர் தேடியது ஒரு நொதி. ஈரலில் சுரக்கிற பித்தத்தில் ஒருவகை உப்பு இருக்கிறது. நாம் தின்கிற கொழுப்பைக் கரைப்பது அதுதான். அந்த உப்பின் வாலில் கிளைசின், டாரின் என்ற இரண்டில் ஏதாவது ஒன்று கோத்திருக்கும். தயிரிலும் புளித்த கூழிலும் வாழ்கிற நல்ல பாக்டீரியாக்களில் சில நம் குடலுக்குள் போய் அந்த வாலை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட உப்பு மலத்தோடு வெளியே போனால், உடம்பு ரத்தத்திலிருக்கும் கொலஸ்டிராலை எடுத்துப் புது உப்பு செய்தாகவேண்டும். ஆகவே அந்த வெட்டுக்கத்தியைத் தனியாகப் பிரித்தெடுத்து, அது எவ்வளவு பெரியது, எந்தப் புளிப்பில் நன்றாக வெட்டும், எந்தச் சூட்டில் செத்துப்போகும், எந்த வாலை அதிகம் விரும்பும் என்று பார்க்கவேண்டும். அதுதான் டாக்டரம்மாவின் வேலை. பித்தம் கொண்டுவருவது கண்ணாயிரத்தின் வேலை.

வாரத்தில் மூன்று நாள் வெள்ளென எழுந்து, மாடு அறுக்கிற தொட்டிக்குப் போவார். மாட்டின் முன்னங்காலைக் கட்டித் தள்ளுவார்கள். ஒருவர் கொம்பைத் திருகிப் பிடிக்க இன்னொருவர் கத்தி போடுவார். மூச்சு குழலுக்குள் கொரகொரவென்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மாட்டை இழுத்து வருவார்கள். வயிற்றைக் கிழித்ததும் கண்ணாயிரம் அந்தக் கதகதப்புக்குள் கையை விட்டு, ஈரலோடு ஒட்டிய பித்தப்பையை விரலால் தடவி, உடையாமல் அறுத்து, ஐஸ் ஃபிளாஸ்க்கில் போட்டுக்கொள்வார். ஒருமுறை தள்ளியும் விழாத எருது ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு ஒரு ஆளைச் சுவரோடு குத்திச் சாத்தியது. அந்த ஆளின் குடலை வேட்டிக்குள் திரும்ப அள்ளி வைத்துக்கொண்டு ஓடியவர்களில் கண்ணாயிரமும் ஒருவர். அன்றைக்கும் பித்தம் வந்து சேர்ந்தது.

டாக்டரம்மா கடைத் தயிர், வீட்டுத் தயிர், மோர், புளித்த மாவு என்று எழுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளிலிருந்து பாக்டீரியா பிரித்துப் பித்தம் கலந்த ஊட்டக்கரைசலில் போட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை செத்துப்போயின. பிழைத்தவை வெட்டவில்லை. ஒருநாள் கண்ணாயிரம், "எங்க மலைல சாமைக்கூழு மூணு நாள் புளிக்கவுட்டுக் குடிப்போம். கொண்டாந்து தரட்டுங்களா?" என்று கேட்டார். தங்கை செல்லியம்மாளின் கூழ்ப்பானையிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தார். அதிலிருந்து வந்த ஒன்று பித்தத்தில் கொழுத்து வளர்ந்தது. வெட்டவும் வெட்டியது.

பிரித்தெடுக்கிற வேலை இருக்கிறதே, அது முழுக்க அடித்து நொறுக்குவதுதான். இருபது லிட்டர் வளர்த்தால் மைய விலக்கியில் சுற்றி ஒரு கைப்பிடி வெண்ணெய் மாதிரி பாக்டீரியா கிடைக்கும். அதை ஐஸில் வைத்த பீங்கான் கலுவத்தில் போட்டு, அலுமினாத் தூள் கலந்து, குழவியால் முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் அரைக்கவேண்டும். உயிரணுச் சுவர் உடைந்து உள்ளே இருப்பது வெளியே வரவேண்டும். நின்றால் சூடாகும், சூடானால் போச்சு. கண்ணாயிரத்தின் வலதுகை அதற்கென்றே படைத்த கை. அரைத்ததை மறுபடி சுற்றி, அம்மோனியம் சல்ஃபேட் போட்டுத் திரியவைத்து, சவ்வுப்பையில் உப்பு போக்கி, குளிரறையில் நிற்கிற கண்ணாடித் தூணில் சொட்டுச் சொட்டாக இறக்கி, தொண்ணூறு குழாயில் பிடிக்கவேண்டும். காற்றுப்பட்டால் இந்த நொதி செத்துப்போகும் என்பதால் எல்லாவற்றிலும் அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஒரு மருந்தைக் கலப்பார்கள். அந்த வாடை சட்டையில் ஏறினால் டீக்கடையில் நம் பக்கத்தில் ஆள் நிற்காது. தொண்ணூறு குழாயில் ஏழெட்டுக் குழாயில்தான் கத்தி இருக்கும்.

1984 மே மாதம் டீப் ஃப்ரீசரின் கம்ப்ரஸர் எரிந்துபோனது. லீவு நாள், யாரும் பார்க்கவில்லை. சேமித்து வைத்த கூழ்ப் பாக்டீரியா அத்தனையும் உருகி, பூசணம் பூத்துக் கிடந்தது. குளிரறையில் முந்தின மாதம் ஓரளவு சுத்தம் செய்த நொதி இரண்டு மில்லி மட்டும் மிச்சம்.

டாக்டரம்மா அன்றைக்கு முழுக்க உருகின குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மறுநாள் கண்ணாயிரத்தைக் கூப்பிட்டார்.

"அதே பானையிலேருந்து திரும்ப எடுக்க முடியுமா?"

"தங்கச்சி பானையக் கழுவவே மாட்டாளுங்க. பழங்கூழுல கொஞ்சம் வுட்டு வெச்சுதான் புதுசு ஊத்துவா. இருக்கும்."

இந்த முறை கூழை அப்படியே கொண்டுவந்தால் வெயிலில் மற்ற கிருமிகள் மண்டிவிடும். அதனால் பத்துக் குழாயில் ஊட்டக்கரைசலும், தனியாக ஒரு பாட்டில் மாட்டுப் பித்தமும் கொடுத்தனுப்பினார். அங்கேயே பித்தத்தைக் கலந்து கூழை ஒரு சொட்டு விட்டால், வேண்டாதது வழியிலேயே செத்துவிடும். வேண்டியது மட்டும் வந்துசேரும்.

அமிர்தியில் பஸ் இறங்கி ஐந்து மணி நேரம் ஏறினார் கண்ணாயிரம். வீட்டு வாசலில் செல்லியம்மாள் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய இடதுகையோடு உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்து காய்ந்திருந்தது. ஒரு காது வீங்கி மூடியிருந்தது.

"யாரு பண்ணது?"

அவள் தலையைத் தூக்கி அடுப்புக்கு மேலே காட்டினாள். பரணிலிருந்து மூன்று பை, நூலில் கட்டித் தொங்கின. புகைபட்டுக் கறுத்து, வாடின கத்திரிக்காய் மாதிரி சுருங்கியிருந்தன. எத்தனையோ நூறு பித்தப்பையைக் கையில் பிடித்தவர் அவர். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மாட்டினுடையது இல்லை.

"கரடியா?"

"ஆமாண்ணா. ஆலங்காயத்துல அருணகிரின்னு ஒரு யாவாரி. எங்கியோ வெளியூருக்கு மருந்துக்குப் போவுதாம். இவரு கொன்னு கொன்னு எடுத்துனு வர்றாரு."

இவர் என்றது அவள் புருஷன் மாதையனை. கண்ணாயிரம் என்னிடம் மறைக்காமல் சொன்னார்: அந்த மூன்று பையைப் பார்த்ததும் அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒன்பது வருஷமாகக் கண்ணாடியைப் பார்க்காத மனுஷன். மூன்று என்ன, முப்பது தொங்கட்டும் என்றுதான் தோன்றியதாம்.

செல்லியம்மாள் மேலே சொன்னாள். மாதையன் பலாச்சுளைக்குள் நாட்டு வெடியை வைத்து மரத்தடியில் போடுவான். கரடி கடிக்கும். வெடிக்கும். சாகாமல் கிடப்பதைக் கோடாலியால் முடிப்பான். போன மாதம் ஒன்று தப்பி ஓடிவிட்டது. கீழ்த்தாடை இல்லாமல், நாக்கு மார்வரை தொங்க, வீட்டுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டிக்கு வந்தது. முகத்தைத் தண்ணீரில் வைக்கும். குடிக்க வாய் இல்லை. வைக்கும், எடுக்கும். இரண்டு நாள். கடைசியில் மாதையன் வந்து மண்டையைப் பிளந்தபோது அது ஓடக்கூட இல்லை. இனிமேல் இந்த வேலை செய்தால் கீழே போய் ஃபாரஸ்ட்காரர்களிடம் சொல்லிவிடுவேன் என்றாள் செல்லியம்மாள். கோடாலிக் காம்பால் கையை உடைத்தான்.

கண்ணாயிரம் தன்னையறியாமல் தன் தைத்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் முதல் ஒரு மாதம் அவராலும் தண்ணீர் குடிக்க முடியவில்லை. வாயிலிருந்து வழிந்துபோகும்.

முதலில் வந்த வேலையைப் பார்த்தார். குழாய்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பித்தம், எத்தனை சொட்டுக் கூழ், மூடியை எப்படித் திருகுவது என்று தங்கைக்குக் காட்டினார். ஒரு குழாய்தான் முடிந்தது. பாட்டில் கையில் இருக்கும்போதே மாதையன் வந்துவிட்டான்.

"வா மச்சான். எப்ப வந்த?"

"இந்தக் கைய நீயா ஒடைச்ச?"

"எம் பொண்டாட்டி. ஒனக்கு இன்னா?"

"மாதையா, அவள நான் வேலூருக்கு இட்டுனு போறேன்."

"ஒத்தக் கண்ண வெச்சிக்கினு நீயே தடவித் தடவி வந்திருக்க. நீ இட்டுனு போறியா?"

கண்ணாயிரம் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தில் குத்தினார். மாதையன் மூக்கிலிருந்து ரத்தம் பீறிட்டது. இருவரும் அடுப்பின்மேல் விழுந்தார்கள். மாதையன் அவர் குருடான பக்கமாகவே சுற்றிச் சுற்றி அடித்தான். எங்கிருந்து அடி வருகிறதென்று தெரியாமல் அவர் கையில் அகப்பட்ட அவன் தலைமயிரைப் பிடித்துத் தூணில் மோதினார். ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. செல்லியம்மாள், "செத்துருவாண்ணா" என்று கத்தினாள். பிடியை விட்டார். விட்ட கணத்தில் மாதையன் எரிகிற கொள்ளியை எடுத்து அவர் தோளில் அழுத்தினான்.

அப்போதுதான் வெளியே விசில் சத்தம். யாரோ துப்பு கொடுத்து நான்கு ஃபாரஸ்ட் கார்டுகள் மலையேறி வந்திருந்தார்கள். மாதையன் பின்சுவரைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டான். உள்ளே வந்தவர்கள் கண்டது மூன்று கரடிப் பித்தப்பையும், முகம் கிழிந்த ஒரு அந்நிய ஆளும், அவன் பக்கத்தில் பச்சையாகத் தளும்புகிற ஒரு பாட்டிலும்.

"இது இன்னாடா?" பழனி என்கிற கார்டு பாட்டிலை முகர்ந்து பார்த்தான்.

"மாட்டுப் பித்தம்ங்க. வேலூர்லேருந்து கொண்டாந்தேன்."

நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள். "மாட்டுப் பித்தத்த வேலூர்லேருந்து மலைக்கு ஏத்திக்கினு வந்தியா? எதுக்கு, கொழம்பு வெக்கவா?"

"கூழுல இருக்கற பூச்சிக்குங்க. டாக்டரம்மா குடுத்தனுப்புனாங்க."

அந்தப் பதிலுக்குத்தான் முதல் அடி விழுந்தது. புளியமரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். செல்லியம்மாள் குறுக்கே விழுந்து, "அவரு இல்லீங்க, எம் புருஷன்தான் கொல்றாரு, மாதையன்னு பேரு, இப்பதான் ஓடுனாரு" என்று கதறினாள். "அண்ணனக் காப்பாத்தக் கட்டுனவன மாட்டி வுடறியா?" என்று அவளை எட்டி உதைத்தான் ஒருவன். யாருக்கு விற்கிறாய், எத்தனை கொன்றாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அவர் திரும்பத் திரும்பக் கூழ் என்றார், பூச்சி என்றார். பழனி கயிற்றை அவிழ்த்து, அவர் வலதுகையை மரவேரின்மேல் வைக்கச் சொல்லித் துப்பாக்கிக் கட்டையால் இறக்கினான். கரும்பை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மூன்றாவது அடியில் கண்ணாயிரத்துக்கு நினைவு தப்பியது.

அவரைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு கீழே போனபிறகு செல்லியம்மாள் வீட்டுக்குள் வந்தாள். பாட்டிலை எடுத்துப்போய்விட்டார்கள். குழாய்கள் அடுப்பு மூலையில் சிதறிக் கிடந்தன. ஆறு உடைந்திருந்தன. அண்ணன் ஏற்கெனவே பித்தமும் கூழும் கலந்து மூடிவைத்த குழாய் உடையவில்லை. நன்றாக இருந்த மற்ற மூன்றிலும், பித்தம் இல்லாவிட்டாலும் போகட்டும் என்று, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து ஒரு கையாலேயே கூழை விட்டாள். நான்கையும் ஈரத்துணியில் சுற்றி மடியில் கட்டினாள். அமிர்திக்கு இறங்கினாள். அதுவரை வேலூரைப் பார்த்ததே இல்லை அவள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று வருகிற போகிறவர்களையெல்லாம் மறித்து, "பித்தம் பாக்கற டாக்டரம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். பைத்தியம் என்று இரண்டு முறை விரட்டினார்கள்.

டாக்டரம்மா ஆய்வுக்கூடத்தில் அவளைப் பார்த்தபோது அவள் மடியை அவிழ்த்துக் குழாய்களை மேசைமேல் வைத்தாள். பிறகுதான் அழுதாள்.

பித்தம் கலந்த அந்த ஒரே குழாயில்தான் பாக்டீரியா உயிரோடு வந்திருந்தது. ஆனால் டாக்டரம்மா அதை வளர்க்கக்கூட உட்காரவில்லை. ஒரு மாணவரிடம் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். பாட்டிலில் இருப்பது கரடிப் பித்தம் என்று கேஸ் எழுதியிருந்தார்கள். மாட்டுப் பித்தம் என்று தன்னால் காட்ட முடியும் என்றார் டாக்டரம்மா. கோர்ட் ஆள் முன்னிலையில் பாட்டிலிலிருந்து கொஞ்சமும், அடுப்புக்கு மேலிருந்து எடுத்த பையிலிருந்து கொஞ்சமும் எடுத்துக்கொள்ள மாஜிஸ்திரேட் அனுமதி கொடுத்தார்.

மாட்டின் பித்த உப்பில் கிளைசின் வாலும் உண்டு, டாரின் வாலும் உண்டு. கரடிக்கு டாரின் மட்டும்தான். வாலை வெட்டி எடுத்துவிட்டால் தெரிந்துவிடும். காரத்தில் மணிக்கணக்காக வேகவைத்தும் வெட்டலாம். வேகவைத்ததில் எதுவோ கெட்டுப்போயிருக்கும் என்று வக்கீல் மடக்குவார் என்று அவருக்குத் தயக்கம். குளிரறையில் மிச்சமிருந்த இரண்டு மில்லியை எடுத்தார். புதுப் பாக்டீரியா பழைய மாதிரியே வெட்டுமா என்று இன்னும் தெரியாத நேரம் அது. நான்கு வருஷத்தில் கையில் இருந்தது அவ்வளவுதான். பாதியை ஊற்றிவிட்டார்.

காகிதத்தில் ஓடவிட்டுச் சாயம் தெளித்துச் சூடுகாட்டினால் ஊதாப் பொட்டு எழும்பும். பாட்டிலுக்கு இரண்டு பொட்டு. பைக்கு ஒரே பொட்டு. அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துக் கோர்ட்டில் காட்டினார்.

"அப்ப இந்த ஒத்தப் பொட்டு கரடிதான்?" என்றார் அரசு வக்கீல்.

"மாடு இல்ல. கரடியா இருக்கலாம். நாயா இருந்தாலும் இப்படித்தான் வரும். அதுக்கு மேல இந்த என்சைம் சொல்லாது."

"பாட்டில்?"

"அது மாடு. நானே குடுத்தனுப்பினது."

மிச்சத்தைச் செல்லியம்மாள் சொன்னாள். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, புருஷன் எந்த எந்த மரத்தடியில் வெடி வைத்தான், எங்கே புதைத்தான் என்று மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னாள். தோண்டிய இடங்களில் மண்டையோடுகள் வந்தன. ஒன்றில் கீழ்த்தாடை இல்லை. கண்ணாயிரத்தை விட்டுவிட்டார்கள். மாதையன் ஆலங்காயத்துக்குப் போகும் வழியில் பிடிபட்டு இரண்டு வருஷம் உள்ளே போனான். அருணகிரியின் பெயர் கேஸ் கட்டில் எங்கேயும் வரவில்லை. பழனியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வலதுகையில் மூன்று எலும்பு நொறுங்கியிருந்தது. எலும்பு கூடியது, விரல்கள் மடங்கவில்லை. கண்ணாயிரம் குழவியைப் பிடித்துப் பார்த்தார், நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தார். அது மறுபடி விழுந்தபோது செல்லியம்மாள் குனிந்து எடுத்துக்கொண்டாள். "தள்ளுண்ணா, நான் அரைக்கிறேன்." அவளுடைய உடைந்த கை கூடியதிலிருந்து அந்தக் கலுவம் அவளுடையதானது.

நான் சேர்ந்தபோது அப்படித்தான் இருந்தது. அண்ணன் இடதுகையால் குழாய் அடுக்குவார், தங்கை அரைப்பாள். வேலை நடக்கும்போது கிட்டே போய்ப் பேசினால் எங்களையும் திட்டுவாள்.

1986 கார்த்திகை மாதம், உச்சிவேளை. டாக்டரம்மா வகுப்பெடுக்கப் போயிருந்தார். செல்லியம்மாள் அரைக்க ஆரம்பித்து இருபது நிமிஷம் இருக்கும். கதவருகே, துண்டில் எதையோ சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றான். ஒல்லியாக, மொட்டைத் தலையோடு. நோயாளியின் உறவுக்காரர் வழி தவறி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"செல்லி இருக்காளா?"

கண்ணாயிரம் திரும்பினார். "நீ இங்க வரக்கூடாது மாதையா. போய்டு."

"அவ வாயாலதான் நான் ஜெயிலுக்குப் போனேன். அந்த வாயப் பாத்துட்டுப் போறேன்."

துண்டு விழுந்தது. உள்ளே கொடுவாள். அவன் மறுபடியும் குருடான பக்கத்திலிருந்துதான் வந்தான். ஆனால் கண்ணாயிரம் அதை எதிர்பார்த்துத் தலையை முன்பே திருப்பியிருந்தார். இடதுகையைத் தூக்கித் தடுத்தார். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து வெள்ளையாக எலும்பு தெரிந்ததை நான் பார்த்தேன். குழாய்ச் சட்டத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றேன், கத்தக்கூட வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு அவமானம்தான். மாதையன் மறுபடி ஓங்கினான். கண்ணாயிரம் வழியை விடாமல் மடங்காத கையாலும் வெட்டுப்பட்ட கையாலும் அவனைக் கட்டிப்பிடித்துக் கதவோடு சாய்ந்தார். அவன் அவர் தோளைக் கடித்தான்.

செல்லியம்மாள் ஓடவில்லை. குழவியோடு நடந்துதான் வந்தாள். அதில் வெள்ளைக் கூழ் வழிந்துகொண்டிருந்தது. முதல் அடி அவன் முழங்கையில். கொடுவாள் தரையில் விழுந்து என் கால்வரை சறுக்கி வந்தது. இரண்டாவது அடி முழங்காலில். அவன் விழுந்தான். மூன்றாவதுக்கு அவள் குழவியை அவன் தலைக்கு நேராகத் தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள்.

"வேணாம் செல்லி," என்றார் கண்ணாயிரம். தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. "கீழ வெச்சுடு. அவனுக்காவ நீ ஜெயிலுக்குப் போவாத."

அவள் வெகுநேரம் இறக்கவில்லை. வாட்ச்மேனும் இரண்டு கம்பவுண்டர்களும் ஓடிவந்து மாதையனை அமுக்கிய பிறகு குழவியை மேசைமேல் வைத்தாள். தன் முந்தானையைக் கிழித்து அண்ணன் கையில் கட்டினாள். "கலுவத்துல ஐஸ் தீந்துபோச்சு," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அன்றைய இருபது லிட்டரும் வீண்.

தசரதன் என்ற இன்ஸ்பெக்டர் வந்து வாக்குமூலம் எடுத்தார். கண்ணாயிரத்துக்கு முப்பத்தொரு தையல். தையல் போடும்போது இன்ஸ்பெக்டர், "சமாதானமாப் போறீங்களா? குடும்ப விஷயம்" என்றார்.

"குடும்பம் இல்லீங்க," என்றாள் செல்லியம்மாள். கழுத்திலிருந்த தாலியைக் கழற்றி அவருடைய பேப்பர்மேல் வைத்தாள். "இத அந்தாளுகிட்ட குடுத்துடுங்க."

மாதையனுக்கு ஐந்து வருஷம் கிடைத்தது. காலும் சரியாகக் கூடவில்லை என்று கேள்விப்பட்டோம். நொதி 1988இல் முழுசாகச் சுத்தமானது. லேசான புளிப்பில் நன்றாக வெட்டியது. கொதிக்கிற சூட்டுக்கு வெகு முன்னாலேயே செத்தது. டாரினைவிடக் கிளைசின் வாலைத்தான் அதிகம் விரும்பியது. கட்டுரையின் கடைசி வரியில் நன்றி என்று போட்டு அண்ணன் தங்கை இருவர் பெயரையும் டாக்டரம்மா சேர்த்தார். வாசித்துக் காட்டினேன். கண்ணாயிரம் தலையாட்டினார். செல்லியம்மாள், "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குது" என்றாள்.

மறுவருஷம் தை மாதம் கண்ணாயிரத்துக்குக் கல்யாணம் நடந்தது. பெண் ரஞ்சிதம், ஆஸ்பத்திரி சமையல்கட்டில் வேலை பார்த்த விதவை. ஒரு கோயிலில் வைத்து எளிமையாகச் செய்தார்கள். நாங்கள் பத்துப் பேர் போயிருந்தோம். தாலியை எடுத்த அவருக்கு ஒரு கையில் விரல் மடங்கவில்லை, இன்னொரு கையில் நரம்பு அறுந்து பிடி இல்லை. நூலை ரஞ்சிதத்தின் கழுத்தில் போட்டுவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை ஒரு முடிச்சு, நாத்தனார் இரண்டு முடிச்சு என்பது வழக்கம். செல்லியம்மாள் அவர் கையை மெதுவாக விலக்கினாள். மூன்றையும் அவளே போட்டாள்.